சாவை ஒழிக்கப் போகிறவர்களுக்கு, பந்தலூரிலிருந்து ஒரு நர்ஸம்மா

சாவில்லாத வாழ்வுக்கு வழி தேடும் ஆராய்ச்சியாளர்களுக்கும், அந்த ஆராய்ச்சிக்குக் கோடி கோடியாகக் கொட்டும் பெரிய மனிதர்களுக்கும்,

வணக்கம்.

நான் நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கம் இருக்கிறேன். கிராம சுகாதார செவிலியராக 31 வருடம் வேலை பார்த்து 2022 இல் ஓய்வு பெற்றேன். இங்கே யாரைக் கேட்டாலும் நர்ஸம்மா என்றுதான் சொல்வார்கள், பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. உங்களில் பாதிப் பேர் கலிபோர்னியாவில் இருக்கிறீர்கள், தமிழ் தெரியாது, இந்த மடல் உங்கள் கைக்கு வரப்போவதில்லை, அதெல்லாம் எனக்கும் தெரியும். பைப்பில் தண்ணீர் வரவில்லை என்று கலெக்டருக்கு மனு எழுதும்போது மட்டும் அவர் படிப்பார் என்று நம்பியா எழுதுகிறோம்? நாலு பேர் பார்க்கட்டும் என்றுதானே.

என்னை எழுத வைத்தது ஒரு வேலை வாய்ப்பு. குன்னூர்ப் பக்கம் ஒரு விடுதி, பெயர் வேண்டாம், அங்கிருந்து ஒரு தம்பி கார் எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். விருந்தாளிகளுக்கு இளமையைத் திருப்பித் தருகிற ஏழு நாள் சிகிச்சை ஆரம்பிக்கப் போகிறார்களாம், ட்ரிப் ஏற்றத் தெரிந்த, வயதான, பார்த்தால் நம்பிக்கை வருகிற நர்ஸ் வேண்டுமாம். இளமைச் சிகிச்சைக்கு வயதான நர்ஸ்! அவர் கொடுத்த வழவழப்பான அட்டையின் ஒரு பக்கம் தாடி வைத்த சித்தர், மறுபக்கம் முறுக்கின ஏணி மாதிரி டி.என்.ஏ. படம். போகரில் ஆரம்பித்து, காயகல்பம் வழியாகப் போய், ஸ்டெம் செல்லில் முடிகிற நாலு வரி. என்.ஏ.டி. என்று, நம் செல்களில் இயல்பாகவே இருக்கிற ஒரு பொருளை, பாட்டிலில் ஏற்றுவார்கள். ஒரு பாட்டிலுக்கு அவர் சொன்ன விலை என் ஒரு மாத ஓய்வூதியத்தைவிட அதிகம். இதை ஏற்றினால் மனுஷனுக்கு ஆயுள் கூடும் என்று எங்கே நிரூபித்திருக்கிறார்கள் தம்பி என்று கேட்டேன். அமெரிக்காவில் எல்லாரும் போட்டுக்கொள்கிறார்கள் மேடம் என்றார். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர் போன பிறகுதான் உங்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் ராத்திரி ராத்திரி போனில் விளக்கினான். 2013 இல் கூகுள் இதற்கென்றே காலிகோ என்று ஒரு கம்பெனி ஆரம்பித்ததும், 2022 இல் ஆல்டோஸ் லேப்ஸ் என்ற இன்னொரு கம்பெனி 300 கோடி டாலரோடு தொடங்கியதும் அப்போதுதான் தெரிந்தது. ஆயிரம் வயது வாழப்போகும் ஆள் ஏற்கெனவே பிறந்திருக்கலாம் என்று ஆப்ரி டி கிரே என்ற முதுமை ஆராய்ச்சியாளர் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார். பிரையன் ஜான்சன் என்ற தொழிலதிபர் தனக்கு வயதாகாமல் பார்த்துக்கொள்ள வருடத்துக்குச் சுமார் 20 லட்சம் டாலர் செலவழிக்கிறார். 2023 இல் தன் பதின்வயது மகனிடமிருந்து பிளாஸ்மா எடுத்து ஏற்றிப் பார்த்துவிட்டு, பலன் ஒன்றும் தெரியவில்லை என்று அவரே விட்டுவிட்டார். யயாதி கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை, என்ன, யயாதிக்குப் பலன் கிடைத்தது.

நான் உங்களைத் திட்ட வரவில்லை. பிறந்தவர் எல்லாரும் போகத்தான் வேண்டும், அது இயற்கை, அதில் கை வைக்காதே என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மழைக்காலத்தில், நாலு மாதக் குழந்தை ஒன்று கக்குவான் இருமலில் போனது. இருமி இருமி மூச்சை இழுக்கும்போது ஒரு சத்தம் வரும், சேவல் கூவுகிற மாதிரி, அப்புறம் முகம் நீலமாகும், அப்புறம் கொஞ்சம் தெளியும், மறுபடி ஆரம்பிக்கும். ஜீப் கிடைத்து இறக்குவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு முந்தின மாதம் அதே லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வழியாகத்தான் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து போனேன். அந்தக் குடும்பம் வேறு தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தது, என் பதிவேட்டில் பெயர் இல்லை, நானும் கதவைத் தட்டவில்லை. சடங்கு நடக்கும்போது ஒரு பெரியவர் என்னிடம் வந்து, விதி நர்ஸம்மா, நம்ம கையில என்ன இருக்கு என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் என் கையில் அந்த நேரத்தில் பெட்டி இருந்தது.

அதனால் சாவோடு சண்டை போடலாமா கூடாதா என்று என்னிடம் கேட்காதீர்கள். போடலாம், நான் சம்பளம் வாங்கிக்கொண்டு போட்டவள்.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களிடமும் ஒரு குளிர்ப்பெட்டி இருக்கிறது. உங்கள் ஆட்கள் சிலர் இறந்தவர்களைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்திருக்கிறார்கள், என்றைக்காவது அறிவியல் எழுப்பிவிடும் என்று. 1967 ஜனவரியில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற பேராசிரியரை அப்படி வைத்தார்கள், இன்னும் இருக்கிறார், அரிசோனாவில். முழு உடம்பு வைக்க 2 லட்சம் டாலருக்கு மேல். என் பெட்டி நீல நிறம், பிளாஸ்டிக். அதற்குள் நாலு ஐஸ் பேக், நடுவில் மருந்து, 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே அடுக்கக்கூடாது, வெளியே வைத்து, காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் சலசலக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் வைக்க வேண்டும். காரணம், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றுக்கும் போடுகிற டி.பி.டி. மருந்து ஒரு தடவை உறைந்துவிட்டால் போச்சு. அப்புறம் எந்த வெயிலில் வைத்தாலும் பழைய மருந்தாகாது, குலுக்கி வைத்தால் அடியில் திரிதிரியாக இறங்கும், அதைப் பார்த்தாலே தெரியும் இது செத்த மருந்து என்று. கண்ணாடி மாதிரி உறைய வைக்கிறோம், ஐஸ் கட்டி படியாது என்று நீங்கள் சொல்வதையும் படித்தேன். இருக்கலாம். உறைந்து செத்த பாட்டிலைக் குலுக்கிப் பார்த்த கை இது, அதனால் கொஞ்சம் சந்தேகம் வருகிறது.

அந்தப் பாட்டில்களில் நிறைய குன்னூரில் செய்தவை. சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறதே பாஸ்டர் இன்ஸ்டிடியூட், 1907 இல் வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்யத் தொடங்கினது, பிற்பாடு தேசிய தடுப்பூசித் திட்டத்துக்கு டி.பி.டி.யும் செய்துகொடுத்தது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று என் வயதுக்காரர்கள் எல்லாரும் பயந்து கிடந்தோமே, அந்த ஊசிக்கும் இந்த மலைக்கும் ரொம்ப உறவு. சுற்றுலா வருகிறவர்கள் பூங்காவில் பூவைப் போட்டோ எடுத்துவிட்டுப் போவார்கள், பக்கத்துக் கட்டடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சாவை ஒத்திப்போடும் தொழிற்சாலை என்று இந்த மலையில் நான் காட்டக்கூடியது அதைத்தான்.

சுதந்திரம் வந்தபோது நம் நாட்டில் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது, இப்போது 70ஐ ஒட்டி. இதைச் சொன்னால் உங்கள் ஆட்கள் உடனே, பார்த்தீர்களா, ஏறிக்கொண்டே போகிறது, இப்படியே போனால் 150, 200 என்று கோடு இழுத்துவிடுகிறார்கள். அந்தக் கோடு தப்பு. அந்தக் காலத்திலும் எழுபது எண்பது வயதுக் கிழவிகள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். சராசரியை இழுத்துக் கீழே தள்ளியது பிள்ளைகள், அஞ்சு வயசு தாண்டாமல் போன பிள்ளைகள். அவர்கள் பிழைக்க ஆரம்பித்ததுதான் இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு. மேல் எல்லை அப்படியேதான் இருக்கிறது: பிரான்சில் ழான் கல்மான் என்ற அம்மா 122 வயதில் 1997 இல் இறந்தார், அதற்கப்புறம் ஒருத்தரும் அதைத் தாண்டவில்லை.

சரி, உங்கள் வேலை அந்த மேல் எல்லையை உடைப்பது. அதன் அடிப்படை எனக்குப் புரிந்த அளவில் இதுதான். 1961 இல் லியோனார்ட் ஹேஃப்ளிக் என்பவர் மனித செல்கள் சுமார் 40லிருந்து 60 தடவை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று காட்டினார். நிற்பதற்கு ஒரு காரணம் குரோமோசோமின் நுனி. பள்ளிக்கூடம் போகும்போது ரிப்பன் வெட்டினால் நுனி பிரியாமலிருக்க விளக்கில் காட்டி லேசாக உருக்குவோம் இல்லையா, அதே மாதிரி ஒரு பாதுகாப்பு அங்கே இருக்கிறது, ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் தேய்கிறது. அதற்கு டெலோமியர் என்று பெயர், 2009 இல் அந்த ஆராய்ச்சிக்கு நோபல் கொடுத்தார்கள். தேயாமல் பார்த்துக்கொள்ளும் நொதி ஒன்றும் உண்டு. அப்படியானால் அதைத் திறந்துவிட்டால் சாவில்லை என்று தோன்றும். திறந்துவிட்டுக்கொண்ட செல்களை ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறோம், கேன்சர் என்று சொல்கிறோம்.

இதில் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாத விஷயம் ஒன்று. சாகாத மனித செல் ஏற்கெனவே உலகத்தில் இருக்கிறது. 1951 இல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண், ஏழை, அஞ்சு பிள்ளைகளுக்குத் தாய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு வந்தார். அவரைக் கேட்காமலே கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து வளர்த்தார்கள். அந்தச் செல்கள் சாகவே இல்லை, இன்றைக்கும் உலகமெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. போலியோ தடுப்பூசியைப் பரிசோதிக்கிற வேலையில் அவை பயன்பட்டன. அதாவது நான் வருடக்கணக்கில் குழந்தைகள் வாயில் சொட்டுமருந்து விட்டேனே, அதன் கதையில் அந்த அம்மாவும் இருக்கிறார். அவர் மட்டும் 31 வயதில் இறந்தார். குடும்பத்துக்கு இருபது வருடம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. சாவில்லாமை முதன்முதலில் மனிதர்களிடம் வந்தபோது இப்படித்தான் வந்தது: செல் ஒரு பக்கம் சாகாமல் போனது, செல்லுக்குச் சொந்தக்காரி இன்னொரு பக்கம் கல்லறைக்குப் போனாள், அதற்கும் ரொம்ப காலம் ஒரு கல்கூட இல்லை.

இன்னொரு வழி ஷின்யா யமனாகா காட்டினது. 2006 இல் எலியின் முதிர்ந்த செல்லுக்குள் நாலே நாலு மரபணுக்களைச் செலுத்தி அதைக் கரு நிலைக்குத் திருப்பிவிட்டார், 2012 இல் நோபல் வாங்கினார். நீங்கள் அதை முழுக்கத் திருப்பாமல் பாதியில் நிறுத்தப் பார்க்கிறீர்கள், ஏனென்றால் உயிருள்ள எலியில் முழுக்கத் திருப்பினால் கட்டி வருகிறது. எலிகளில் நல்ல பலன்கள் வந்திருக்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. சிதம்பரத்தில் பிறந்து நோபல் வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணன்கூட 2024 இல் முதுமையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், ஆராய்ச்சியை மதித்து, வாக்குறுதிகளைச் சந்தேகித்து. மகன் சொன்னான், அம்மா, நீ அவர் பக்கம் என்று. இருக்கட்டும்.

இப்போது நான் உண்மையாகக் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் பணியர் பாடி ஒன்றில், அதாவது பணியர் பழங்குடிக் குடியிருப்பில், ஒரு பெண் குழந்தை. நான் பார்க்க ஆரம்பித்தபோது அவளுக்கு ஆறு வயது. அரிவாள் செல் சோகை. சிவப்பணு தட்டையாக வட்டமாக இருக்க வேண்டியது அரிவாள் மாதிரி வளைந்து, சின்ன ரத்தக்குழாய்களில் மாட்டிக்கொள்ளும், அப்போது எலும்புக்குள் வருகிற வலி இருக்கிறதே, பெரியவர்களே அலறுவார்கள். குளிர் பட்டால் வரும், தண்ணீர் குடிக்காவிட்டால் வரும். பந்தலூர் ஜூன் மாத மழையை நினைத்துப் பாருங்கள், குளிரும், குளிருகிற பிள்ளை தண்ணீர் குடிக்காது. அதனால் என் மருந்துச் சீட்டில் முதல் மருந்து ஸ்வெட்டர், இரண்டாவது தண்ணீர், அப்புறம்தான் மாத்திரை. ஒரு ராத்திரி போனபோது அவள் அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துணியைச் சூடு காட்டி முழங்காலில் ஒற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை அழவில்லை. அழுது முடித்துவிட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், ஊசி வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

இந்த நோயின் மரபணு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது எங்கே தெரியுமா? இங்கேதான், இதே நீலகிரியில், மலைவாழ் மக்களிடம், 1952 இல். ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் எழுதினார்கள். எழுபது வருடம் கழித்து, 2023 கடைசியில், இதற்கு மரபணுவைத் திருத்துகிற சிகிச்சை முதலில் பிரிட்டனிலும் அடுத்த மாதமே அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. கிரிஸ்பர் கத்திரியால் செய்கிற முதல் சிகிச்சை, கேஸ்ஜெவி என்று பெயர். அது என்ன செய்கிறது என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வயிற்றில் இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் ஒரு தனி ஹீமோகுளோபின் இருக்கும், பிறந்து சில மாதத்தில் அது குறைந்து பெரியவர்களுடையது வந்துவிடும். அந்தப் பழைய கருக்கால ஹீமோகுளோபினை மறுபடி திறந்துவிடுகிறார்கள், அதில் செல் வளைவதில்லை. வயதைத் திருப்புவது, வயதைத் திருப்புவது என்கிறீர்களே, இதுதான் ஐயா அது! ரத்தத்துக்குப் பிறக்காத குழந்தையின் வயதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நடந்துவிட்டது. விலை 22 லட்சம் டாலர், நம் கணக்கில் 18 கோடிக்கு மேல்.

பிரையன் ஜான்சன் ஒரு வருடத்துக்குச் செலவழிக்கிற தொகையை மறுபடி மேலே போய்ப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரு குழந்தை. அவர் பணம், அவர் உடம்பு, நான் கேட்க யார்? ஆனால் கணக்கு வாய்ப்பாடு எனக்கும் தெரியும்.

அதியமான் நெல்லிக்கனி கதையில் எல்லாரும் ஔவையைச் சொல்வார்கள், அதியமானின் மனசைச் சொல்வார்கள். கனி ஒன்றே ஒன்று என்பதுதான் அந்தக் கதையே. கூடை நிறைய இருந்திருந்தால் அதைப் பாடவே மாட்டார்கள். உங்கள் மருந்து வரும் நாளில் அது கூடையா, ஒற்றைக் கனியா? ஒற்றைக் கனி என்றால் அதைக் கையில் வைத்திருப்பவர் அதியமானா? இதை நீங்கள் இன்றைக்கே சொல்ல வேண்டும், மருந்து வந்த பிறகு சொல்லும் பதிலுக்கு மதிப்பில்லை.

கரு ஹீமோகுளோபினை ஓரளவு கூட்டுகிற ஹைட்ராக்சியூரியா மாத்திரை ஏற்கெனவே இருக்கிறது, மலிவுதான். தினம் போட வேண்டும், நடுநடுவே ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். மாத்திரை இருந்தால் பஸ் இருக்காது, பஸ் வந்தால் வழியில் யானை நிற்கும், யானை போனால் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிற நேரம் முடிந்திருக்கும். 2023 ஜூலையில் மத்திய அரசு இந்த நோயை 2047க்குள் ஒழிக்க ஒரு இயக்கம் தொடங்கி, 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை என்று அறிவித்தது. நல்லது. பரிசோதனை முடிந்து கார்டு கொடுத்த பிறகு அந்தப் பாடிக்கு மாதாமாதம் மாத்திரையோடு நடந்து போக ஒரு கால் வேண்டும். 300 கோடி டாலரில் கால் எத்தனை வாங்கலாம் என்று ஒரு நாள் போட்டுப் பாருங்கள்.

சரி, நாளைக்கே கூடை கூடையாக வந்துவிட்டது, எல்லாருக்கும் இலவசம், ரேஷன் கடையில் கொடுக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எனக்கு ஒரு பயம் உண்டு. என் மகனுக்கு அது புரியவில்லை, உங்களுக்கும் புரியாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் தோட்டத்தில் வளரவில்லை.

நாங்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964 இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் எங்கள் ஆட்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம் போட்டதால், 1974 இல் எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்தோம், எங்களைப் போன்றவர்களுக்காகப் போட்ட தேயிலைத் தோட்டத்துக்கு. அதற்கு முன்னே ஹட்டன் பக்கம் மூணு தலைமுறை. அந்த மூணு தலைமுறையிலும் கங்காணி செத்தார், துரை மாறினார், கொழுந்து எடுத்தவர்கள் செத்துச் செத்து அதே மண்ணுக்கு உரமானார்கள், கம்பெனி மட்டும் சாகவில்லை. சாகாத ஒன்றுக்குக் கீழே வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதற்குப் பொறுமை ஜாஸ்தி. நீ சம்பளம் கேட்டால் அது காத்திருக்கும், நீ கிழவியாகிற வரைக்கும் காத்திருக்கும். இங்கே கூடலூர், பந்தலூரில் ஜமீன் மாதிரியான பரம்பரை நில உரிமையை, ஜென்ம நிலத்தை, ஒழிக்க 1969 இல் சட்டம் போட்டார்கள், அந்தச் சட்டத்தின் செக்‌ஷன் 17இல் வருகிற நிலம் யாருக்கு என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை, அப்போது மனு எழுதினவர்களின் பேரன்கள் இப்போது மனு எழுதுகிறார்கள். ஒரு பக்கம் ஆள் செத்துக்கொண்டும் மறுபக்கம் சாகாமலும் இருந்தால் வழக்கு யார் பக்கம் முடியும்? இப்போது கம்பெனிக்கு மட்டும் இருக்கிற அந்த ஆயுள், கம்பெனியின் முதலாளிக்கும் வந்துவிட்டால்? இன்றைக்காவது கிழட்டு முதலாளி போய் மகன் வரும்போது ஒரு தடவை போய்ப் பேசிப் பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை இருக்கும்.

என் அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு மூணு வயது. கப்பல் ஏறுவதற்காக அங்கே கணக்கப்பிள்ளை எழுதிவிட்டது ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, பெரிய மண்சரிவு வந்த வருடத்தை வைத்து அவரே சொல்லிக்கொள்வது ஒன்று. கணக்கப்பிள்ளை புண்ணியத்தில் நாலு வருடம் முன்னாலேயே வேலையிலிருந்து நின்றார். (டி.என்.ஏ.வில் இருக்கிற அடையாளங்களை வைத்து உடம்பின் வயதைக் கணிக்கும் கடிகாரம் ஒன்றை 2013 இல் ஸ்டீவ் ஹார்வத் கண்டுபிடித்தாராமே, அது எங்கள் அம்மாவுக்கு நாலாவது வயதாகும்.) எப்படியும் எண்பதைத் தாண்டியாகிவிட்டது. அம்மா, சாகாமலே இருக்கிற மாதிரி ஊசி கண்டுபிடிக்கிறாங்களாம், போட்டுக்கிறியா என்றேன். தட்டில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்: "அப்ப பெரட்டுக்கும் போவணுமா?"

தோட்டத்தில் வளராதவர்களுக்கு: விடியற்காலை பனியில் வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, ஆளை வேலைக்குப் பிரிப்பார்களே, அதுதான் பெரட்டு.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் போனில் மகன் சிரிக்கவில்லை. பாட்டி இன்னும் அம்பது வருடம் நல்லா நடமாடிக்கொண்டு இருப்பாங்க என்றால் நீ வேண்டாம் என்பாயா அம்மா, சொல்லு என்றான். நான் பதில் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் பதில் இல்லை. அம்மா இருமுவது பக்கத்து அறையிலிருந்து கேட்கிறது, இந்த நிமிஷம் அந்தப் பாட்டில் என் கையில் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அதனால் உங்களை மட்டும் பேராசைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

இந்த மலையிலிருந்து சாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் குறிஞ்சியை இழுப்பார்கள், பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூத்துவிட்டுச் செத்துப்போகும், என்ன அழகு என்று. எனக்குத் தெரிந்தது தேயிலை. தேயிலை உண்மையில் ஒரு மரம், விட்டால் இருபது முப்பது அடி போகும். அதை இடுப்பளவில் நிறுத்தி, நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டி, வாரம் தவறாமல் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் அது நூறு வருடம் ஆனாலும் துளிர் விட்டுக்கொண்டே இருக்கும். கீழே தூர் யானைக்கால் மாதிரி பருத்து, பாசி பிடித்து, கிழடாகியிருக்கும், மேலே இலை நேற்றுப் பிறந்த பச்சை. பூக்க விடமாட்டார்கள், பூத்தால் கொழுந்து குறையும். நீங்கள் மனிதனுக்குச் செய்யப் பார்ப்பதை எங்கள் ஆட்கள் செடிக்குச் செய்து காட்டிவிட்டார்கள். யாருக்காக அது இளமையாக இருக்கிறது என்பது வேறு விஷயம், செடிக்காக இல்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கர் போல ஆள் இல்லாமல் கைவிட்ட காடு இருக்கிறது, கவாத்துக் கண்டு ரொம்ப வருடம் ஆச்சு. எல்லாம் மரமாகிவிட்டது. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் குஞ்சம், தேனீ மொய்க்கும். கீழே விழுந்து கிடக்கும் கொட்டையை வைத்து லயத்துப் பிள்ளைகள் கோலி விளையாடும். நாற்பது வருடம் தேயிலை எடுத்த என் அம்மா, தேயிலை இத்தனை பூ பூக்கும் என்று இங்கே வந்துதான் பார்த்தாராம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆராய்ச்சியை நிறுத்த வேண்டாம். முட்டி தேயாமல், மறதி வராமல், படுக்கையில் கிடக்காமல் கடைசி வருடங்களை ஓட்ட வழி கண்டுபிடித்தால் உங்கள் படத்தை எங்கள் துணை சுகாதார நிலையத்தில் நானே ஆணி அடித்து மாட்டுவேன். எலிக்குப் பலித்தது மனுஷனுக்குப் பலிக்கவில்லை என்றால் அதையும் பலித்ததைச் சொல்கிற அதே சத்தத்தில் சொல்லுங்கள், ஏனென்றால் உங்கள் பேட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த விடுதித் தம்பி பாட்டில் ஏற்ற ஆள் தேடி என் வாசலுக்கு வந்தார். 2019 இல் இளம் ரத்த வியாபாரம் வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது மாதிரி, வேறு யாரோ வந்து சொல்கிற வரைக்கும் காத்திருக்காதீர்கள். அப்புறம், சாகாமல் இருப்பதற்கு முன்னால் கேஸ்ஜெவியின் விலையை ஒரு பணியர் பாடியின் வாசல் வரைக்கும் இறக்கிக் காட்டுங்கள். அந்த மரபணுவை இந்த மலையின் ரத்தத்தில்தான் முதலில் பார்த்தார்கள், அந்தக் கடன் பாக்கி இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினான்கு வயது. போன மழையில் இரண்டு தடவை வலி வந்தது. பள்ளிக்கூடம் போகிறாள், ஸ்வெட்டர் போடச் சொன்னால் கோபப்படுகிறாள், வயசு அப்படி.

இப்படிக்கு,
பந்தலூர் நர்ஸம்மா

பி.கு.: இதை எழுதி முடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, சாவாத மருந்தெல்லாம் கிடக்கட்டும் புள்ள, முட்டிக்கு ஏதாச்சும் வச்சிருந்தா அத மொதல்ல அனுப்பச் சொல்லு என்றார். வலது முட்டி.